ஐந்தாவது ஸ்லைடு

ஜனவரி 7, சனி

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி. போன வருஷம் கொடுத்ததில் பிப்ரவரியோடு நின்றுபோனேன். இந்த வருஷமாவது டிசம்பரைப் பார்க்க வேண்டும்.

நாளை மதியம் நாத்தனார் கிளாடிஸ் குடும்பத்தோடு சாப்பிட வருகிறாள். ஆட்டுக்கறி. இன்று பார்த்து வீட்டுக் குக்கரின் கேஸ்கட் தொளதொளத்துப் போய்விட்டது. எப்படி மூடினாலும் ஓரத்தில் ஆவி அடிக்கிறது. கறி வேகாமல் போனால் கிளாடிஸ் அதை அடுத்த கிறிஸ்துமஸ் வரை சொல்லிக்கொண்டிருப்பாள். என் வீட்டுக்காரர் ரூஸ்வெல்ட்டைக் கடைக்கு அனுப்பினேன். வேறு அளவில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, "இதுவும் வட்டமாத்தானே இருக்கு" என்றார்.

எங்கள் லேப் குக்கரும் வீட்டுக் குக்கரும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. லேப் அலமாரியில் பிரிக்காத புதுக் கேஸ்கட் ஒன்று உண்டு. திங்கட்கிழமை ஒன்று வாங்கி வைத்துவிட்டால் முடிந்தது. இதில் எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 8, ஞாயிறு

கறி பஞ்சாக வெந்தது. கிளாடிஸ் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு உப்பு கொஞ்சம் தூக்கல் என்றாள்.

ஜனவரி 10, செவ்வாய்

கேன்சர் பரிசோதனை லேபில் குக்கருக்கு என்ன வேலை என்று சர்ச்சில் கேட்கிறார்கள். வேலை இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வரும் சதைத்துண்டை ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டுவேன். ஃபார்மலின் சதையைக் கெடாமல் காக்கும். ஆனால் நாங்கள் தேடுகிற புரதத்தை மூடி மறைத்துவிடும். ஸ்லைடுகளை மருந்துநீரில் போட்டுக் குக்கரில் நல்ல அழுத்தத்தில் வேகவைத்தால்தான் அது வெளியே தலை காட்டும். பெரிய ஊர்களில் இதற்கு மெஷின் உண்டு. பாளையங்கோட்டையில் எனக்கு ஐந்து லிட்டர் குக்கர். இருபது வருஷமாக அதில் ஒரு ஸ்லைடும் கெட்டதில்லை.

இன்று ஹெர்-2 என்ற புரதத்தைத் தேடுகிற நாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும். ஐந்து பேருடைய மார்புக் கட்டி, ஐந்து ஸ்லைடு. கூடவே 'கன்ட்ரோல்' என்று ஒரு ஸ்லைடு. அது ஹெர்-2 உண்டு என்று ஏற்கெனவே உறுதியான பழைய கட்டி. புரதத்தின் மேல் சாயம் ஒட்டி அது நல்ல பழுப்பாக வந்தால் அன்றைய வேலை சரி என்று பதிவேட்டில் டிக் போட வேண்டும். அது என் பொறுப்பு.

லேப் கேஸ்கட்டும் இன்றைக்கென்று காலை வாரியது. ஓரத்தில் ஆவி. அதைக் கழற்றி ஃபிரீசரில் கால் மணி நேரம் வைத்து மாட்டினேன். எல்லாப் பெண்களும் அடுப்படியில் செய்கிற வித்தைதான். விசில் ஒன்று வந்தது, இருமல் மாதிரி. கணக்கான நிமிஷங்கள் வைத்து இறக்கினேன்.

கன்ட்ரோல் கொஞ்சம் வெளிறித்தான் வந்தது. பழுப்பு இருக்கிறது, இல்லாமலில்லை. சாயப் பாட்டில் புதிது, அதனாலும் இருக்கலாம். டிக் போட்டேன்.

ஜனவரி 11, புதன்

ஸ்லைடுகளைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுபவர் டாக்டர் உலகம்மாள். அறுபத்து மூன்று வயது, மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தாரென்றால் நான் இன்னும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவேன். ஐந்தையும் பார்த்துவிட்டு, "என்னட்டி ஹெப்சிபா, இந்தத் தடவ ஒண்ணுகூட இல்லியே. அஞ்சும் சைபர்" என்றார்.

"சில சமயம் அப்படி வாறதுதானே டாக்டரம்மா" என்றேன்.

வருவதுதான். பொய்யில்லை.

ஜனவரி 12, வியாழன்

புதுக் கேஸ்கட் வாங்கி லேப் குக்கரில் மாட்டிவிட்டேன். விஷயம் முடிந்தது.

ஜனவரி 15, ஞாயிறு

பக்கத்து வீட்டில் பொங்கல் கொடுத்தார்கள். தலைவலி. சர்ச்சுக்குப் போகவில்லை.

ஜனவரி 24, செவ்வாய்

இன்றைய ஹெர்-2 கன்ட்ரோல் டிகாஷன் நிறத்தில் வந்தது. ஒவ்வொரு செல்லையும் சுற்றிப் பேனாவால் கோடு இழுத்தது போல. சாயப் பாட்டில் அதேதான்.

பத்தாம் தேதி கன்ட்ரோலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஜனவரி 27, வெள்ளி

மதியம் ஒருவர் ரிப்போர்ட் நகல் கேட்டு வந்தார். டவுன் பஸ் டிரைவர், காக்கிச் சட்டை. பெயர் சுடலைமணி. மனைவி முப்பிடாதி, வயது முப்பத்தொன்பது, ஆலங்குளம் பக்கம் அங்கன்வாடியில் வேலை. பத்தாம் தேதி ஐந்து பேரில் ஐந்தாவது.

நகலைக் கையில் வைத்துக்கொண்டு போகாமல் நின்றார். "மேடம், இதுல சைபர்னு போட்டிருக்கே, சைபர்னா நல்லதுதானே? டாக்டரு மொகம் ஏன் அப்படிப் போச்சு?"

எத்தனையோ பேருக்குச் சொன்னதை அவருக்கும் சொன்னேன். ஹெர்-2 என்பது செல்லின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு புரதம். வளரச் சொல்லி உள்ளே தகவல் அனுப்புவது அதன் வேலை. எல்லோருக்கும் கொஞ்சம் உண்டு. சிலருடைய கட்டியில் அது அளவுக்கு மீறிப் பெருகி, வளர் வளர் என்று ஓயாமல் நச்சரிக்கும். கட்டி வேகமாகப் பரவும். ஆனால் அந்தப் புரதத்தின் மேலேயே போய் உட்கார்ந்து அதன் வாயை அடைக்க ஒரு மருந்து இருக்கிறது. புரதம் இருந்தால்தான் மருந்துக்கு வேலை.

"அப்பம் அவளுக்கு அது இல்ல. அதனால மருந்தும் இல்ல."

"மத்த மருந்து இருக்குல்லா, கீமோ."

"ஏத்துதாவ. ஒண்ணு முடிஞ்சிருக்கு. கட்டி அசையலன்னு சொல்லுதாவ." நகலை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நீங்க இவ்வளவு வெளக்கமாச் சொன்னதுக்கு ரொம்ப நன்றி மேடம்."

நன்றி என்றது காதில் ஈயம் போல இறங்கியது. சாயங்காலம் ரூஸ்வெல்ட்டிடம் காரணமில்லாமல் சண்டை போட்டேன்.

ஜனவரி 31, செவ்வாய்

வேறு பரிசோதனை ஸ்லைடுகளோடு, பத்தாம் தேதி ஐவரில் நான்கு பேருடையதையும் யாரிடமும் சொல்லாமல் திரும்பப் போட்டேன். நால்வருடையதும் ஆப்பரேஷனில் எடுத்த பெரிய துண்டுகள். கொஞ்சம் சீவினால் குறையாது. நானே மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன், நான்கும் பழைய மாதிரியே சைபர். உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம்தான். நான்கு சரியென்றால் ஐந்தாவதும் அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும்.

முப்பிடாதியுடையதைப் போடவில்லை. அது ஊசியால் குத்தி எடுத்த துண்டு, தையல்நூல் கனம். ஏற்கெனவே பல தடவை சீவியாகிவிட்டது. மெழுகுக் கட்டியில் மிச்சம் மூன்று சீவலுக்குத்தான் தேறும். அநாவசியமாகத் தொடக்கூடாது.

பிப்ரவரி 3, வெள்ளி

அநாவசியமா?

பிப்ரவரி 5, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் லேப் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். வாட்ச்மேனிடம் ஃபிரிட்ஜ் பார்க்க வந்தேன் என்றேன். முப்பிடாதியின் மெழுகுக் கட்டியை எடுத்து ஒரே ஒரு சீவல் எடுத்தேன். கிழியாமல் வந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட வந்தது.

வேகும்போது சதை கழலாமல் பிடித்துக்கொள்ளும் பசை பூசிய ஸ்லைடு டாக்டரம்மாவின் பீரோவில் இருக்கிறது. பீரோ சாவி அவரிடம். பரவாயில்லை, சாதா ஸ்லைடில் மெதுவாகச் செய்தால் நிற்கும் என்று நினைத்தேன். இருபது வருஷ அனுபவம் அல்லவா! குக்கரைத் திறந்தபோது ஸ்லைடு வெறும் கண்ணாடியாக இருந்தது. சதை கழன்று தண்ணீரில் போய்விட்டது. தண்ணீரை வடிகட்டிக்கூடப் பார்த்தேன், பைத்தியம் மாதிரி.

மிச்சம் இரண்டு.

பிப்ரவரி 6, திங்கள்

சுடலைமணி மறுபடி வந்தார், கையில் ஒரு கடிதம். சென்னையில் வேறொரு ஆஸ்பத்திரியில் காட்டப் போகிறார்களாம். மெழுகுக் கட்டியைக் கேட்டு எழுதியிருக்கிறது.

எடுத்துக் கொடுத்திருக்கலாம். அங்கே அவர்கள் சோதித்து, எது எப்படியோ தெரிந்துபோயிருக்கும். என் பெயரும் கெடாது. ஆனால் அங்கே முதலில் சாதாரணச் சோதனைக்கு இரண்டு மூன்று சீவல் எடுப்பார்கள். ஹெர்-2 வரைக்கும் அந்த நூல் தாங்காது. இது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

"ஸ்டோர்ல இருக்கு, தேடி எடுக்கணும். வியாழக்கிழமை வாங்க" என்றேன். மெழுகுக் கட்டி என் மேஜை டிராயரில் இருந்தது.

"வியாழன் எனக்கு டூட்டி மேடம். பரவால்ல, மாத்திக்கிடுதேன்" என்றார்.

பிப்ரவரி 7, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தார். முகத்தைப் பார்க்காமல் சொல்ல அதுதான் வசதி என்று பக்கவாட்டில் போய் நின்றேன்.

"டாக்டரம்மா, போன மாசம் பத்தாம் தேதி ஹெர்-2 கன்ட்ரோல் சரியில்ல. குக்கர் கேஸ்கட் லீக்காச்சு. வெளிறிப் போயித்தான் வந்துச்சு. நான் டிக் போட்டுட்டேன்."

தலை நிமிரவில்லை. ஸ்லைடை நகர்த்துகிற கை மட்டும் நின்றது. "இருவது வருஷமா நீ டிக் போட்டா நான் கன்ட்ரோல எடுத்துப் பாக்குறதே இல்ல. தெரியுமாட்டி ஒனக்கு?"

"தெரியும்."

"பாத்திருக்கணும். அது எம்மேல உள்ள தப்பு. யாராரு?"

நால்வரைத் திரும்பப் போட்டதைச் சொன்னேன். ஐந்தாவதைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னேன். அதுவரை மெதுவாகப் பேசியவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். "கேக்காம அந்தக் கட்டியத் தொட்டியா? மூணு இருந்தத ரெண்டாக்கிட்டு வந்து நிக்கியா? அது ஒன் வீட்டுச் சதையாட்டி?"

வெளியே ரிசப்ஷன் வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று இருந்தது. திட்டு வாங்க வாங்க எனக்கு மூச்சு சீராக வந்தது.

கேஸ்கட் லீக்கானால் மாற்று இல்லையா என்று அவர் கேட்கவில்லை. அவர் வீட்டில் சமையலுக்கு ஆள் உண்டு. நானாகவும் சொல்லவில்லை.

பிப்ரவரி 8, புதன்

காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். பீரோவைத் திறந்து பசை ஸ்லைடைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் முழங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். என்னை இப்படி யாரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

முதல் சீவல் சுருண்டுகொண்டது. பிரஷ்ஷால் நீவி விரிக்கப் பார்த்தேன், கிழிந்தது. டாக்டரம்மா ஏதாவது பேசியிருந்தால் நான் எழுந்து ஓடியிருப்பேன். மெழுகுக் கட்டியை ஐஸ்மேல் வைத்து, ஐந்து நிமிஷம் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். முப்பிடாதி என்ற பெண்ணுக்கு ஹெர்-2 உண்டா இல்லையா என்று கேட்க இனி ஒரே ஒரு சீவல்தான் உலகத்தில் இருந்தது. அதற்கும் மேல் கேட்பதென்றால் அவள் மார்பில் மறுபடி ஊசி இறக்க வேண்டும். கீமோ ஏறிய பிறகு அந்தத் துண்டு சரியாகப் பேசும் என்று யாரும் கை அடித்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது சீவல் தண்ணீரில் தட்டையாக மிதந்தது. ஸ்லைடில் பிடித்தேன்.

குக்கரில் விசில் கணீரென்று வந்தது. அதன் பிறகு வேலை நாலு மணி நேரம். சாப்பிடவில்லை. கடைசியாகப் பழுப்புச் சாயம் ஊற்றியபோது வெறும் கண்ணுக்கே தெரிந்தது, அந்த நூல் போன்ற கோடு கறுத்துக்கொண்டு வந்தது.

டாக்டரம்மா முதலில் கன்ட்ரோலைப் பார்த்தார். பிறகு ஐந்தாவதைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"மூணு" என்றார்.

மூன்றுக்கு மேல் மதிப்பெண் இல்லை. நானும் பார்த்தேன். ஒரு செல் பாக்கியில்லாமல் எல்லாவற்றையும் சுற்றி அடர்த்தியாகப் பழுப்பு. இத்தனையும் பத்தாம் தேதியும் இங்கேயேதான் இருந்தது, வேகாமல்.

பிப்ரவரி 9, வியாழன்

டாக்டரம்மா கேன்சர் டாக்டருக்குப் போன் செய்தார். திருத்திய ரிப்போர்ட் போயிற்று. டூட்டி மாற்றிக்கொண்டு வந்த சுடலைமணியிடம், சென்னைக்குப் போக வேண்டியதில்லை, சனிக்கிழமை மனைவியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

"அவ கிட்ட நீதான் சொல்லணும். நான் கூட இருக்கேன்" என்றார் என்னிடம்.

பிப்ரவரி 11, சனி

முப்பிடாதி தலையில் சேலை முந்தானையைப் போட்டுக்கொண்டு வந்தாள். முடி கொட்டிவிட்டது. பெரிய கண்கள். உட்காருவதற்கு முன்பே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் கண்டுபிடிச்சதுன்னு இவரு சொன்னாவ அக்கா. மருந்து உண்டுன்னு கேட்டப்பம் எனக்கு எம்மவளுக்குச் சடை பின்ன இன்னும் நாளிருக்குன்னு தோணிச்சு. ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்குதுக்கா."

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அவள் விடவில்லை. முதல் தடவை தப்பாக வந்ததற்கு நான்தான் காரணம் என்றேன். குக்கரில் கேஸ்கட் லீக்காகி ஸ்லைடு சரியாக வேகவில்லை, தெரிந்தும் சரி என்று எழுதிவிட்டேன் என்றேன்.

சுடலைமணியின் தாடை இறுகியது. அவள் மட்டும் தலையை ஆட்டினாள், பாவம் என்பது போல.

"எங்க அங்கன்வாடியிலயும் அதே பாடுதாங்க்கா. கேஸ்கட் போயிட்டுன்னா பருப்பு வேவாது, பிள்ளைய பசியில அழும். அதுக்குப் பயந்தே நான் எப்பவும் ஒண்ணு கூடுதலா வாங்கி வச்சிருப்பேன். இங்க அப்படி வைக்க மாட்டாவளா?"

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலே.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவ்வளவு சொன்னவள் இதை மட்டும் மறைத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று, சத்தியமாக, அந்த நொடியிலும் யோசித்தேன்.

"இருந்துச்சு" என்றேன். "ஒண்ணு புதுசா இருந்துச்சு. மூணு நாளைக்கு முன்னாடி நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன்."

"வீட்டுக்கா?"

"எங்க வீட்டுக் குக்கருக்கு. விருந்தாளுக வந்தாவ."

கையை எடுத்துக்கொண்டாள். உடனே இல்லை, விரல் விரலாக. பிறகு கேட்டாள்:

"என்ன சமைச்சிய?"

"கறி."

சுடலைமணி எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். முப்பிடாதி மடியில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் கணக்குப் போடுகிறவள் போல உதட்டை அசைத்தாள்.

"முப்பத்திரெண்டு நாளு" என்றாள். "மருந்து எத்தன தடவைங்க?"

"பதினேழு. மூணு வாரத்துக்கு ஒருக்க" என்றார் டாக்டரம்மா.

"பதினேழுக்கும் நீங்க வரணும்." என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "எனக்குத் தொணைக்கு இல்ல. நீங்க உக்காந்து பாக்கணும்."

பிப்ரவரி 13, திங்கள்

கன்ட்ரோல் பதிவேட்டை டாக்டரம்மா தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். இனி டிக் அவர் போடுவார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. "சீவுறதுக்கு ஒன் கைய விட்டா எனக்கு வேற கை இல்ல" என்றார். அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. நானும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

ரூஸ்வெல்ட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நான் சரியான அளவு வாங்கிட்டு வந்திருக்கணும்" என்றார். அந்த மனுஷனைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பிப்ரவரி 18, சனி

முப்பிடாதிக்கு எக்கோ எடுத்தார்களாம். இந்த மருந்து சிலருக்கு இதயத்தைப் பலவீனமாக்கும், அதனால் முதலில் பார்த்துக்கொள்வார்கள். நன்றாக இருக்கிறதாம். டாக்டரம்மா சொன்னார். நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

பிப்ரவரி 21, செவ்வாய்

ஒன்பது மணிக்குப் போய்விட்டேன். கட்டில் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். சுடலைமணி என்னைப் பார்த்ததும் டீ குடிக்கப் போவதாக வெளியே போனார். திரும்பி வரவேயில்லை, வராந்தாவிலேயே நின்றுகொண்டார்.

நர்ஸ் ஊசியைப் பொருத்திக்கொண்டே, "இவுக யாரு, ஒங்க அக்காவா?" என்றாள்.

"இல்ல. லேப்ல வேல பாக்காவ."

தண்ணீர் போலத்தான் இருக்கிறது அந்த மருந்து. நிறமில்லை. சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பழுப்புக் கோடுகள் ஒவ்வொன்றின் மேலும் இது போய் உட்கார வேண்டும். இருபது வருஷமாக இதற்காகத்தான் ஸ்லைடு வேகவைக்கிறேன். இது ஒரு ஆளின் உடம்பில் ஏறுவதை இன்றுதான் பார்க்கிறேன்.

அரை மணி நேரத்தில் அவளுக்குக் குளிர் எடுத்தது. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது, கட்டில் ஆடியது. முதல் தடவை சிலருக்கு இப்படி வரும் என்று நர்ஸ் ஓடி வந்து சொட்டை நிறுத்தி, வேறு ஊசி போட்டாள். "நிறுத்திட்டியளா? நிறுத்தாதீய, நிறுத்தாதீய" என்று முப்பிடாதி குழறினாள். அவள் கை எதையோ தேடி என் கையைப் பிடித்தது. எலும்பு நொறுங்குகிற பிடி. எனக்கு அவள்மேல் பாவம் வந்தது, என்மேல் அருவருப்பு வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை.

கால் மணி நேரத்தில் நடுக்கம் அடங்கியது. நர்ஸ் மறுபடி சொட்டைத் திறந்தாள், முன்னைவிட மெதுவாக. முப்பிடாதி கண்ணைத் திறந்து, யார் கையைப் பிடித்திருக்கிறோம் என்று பார்த்தாள். விட்டுவிட்டாள். கையைப் போர்வையில் துடைத்துக்கொண்டாள்.

பையிலிருந்த கடைசிச் சொட்டு இறங்கும்வரை ஸ்டூலிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எழுந்தபோது சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"மார்ச் பதினாலு, ஒம்போது மணி. லேட்டாக்கிராதீய."

திரும்பி வந்ததும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், மீதிப் பதினாறு நாளுக்கும் சேர்த்து.